முதல் திரையில் இடமில்லாத வரி

நான் செய்து கொடுத்த வெப்சைட் பக்கங்களில் அடிவரை இறங்கி வந்தவர் ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் மேலேயே நின்றுவிடுவார்கள். ஒரு கட்டைவிரல் எவ்வளவு தூரம் இறங்கும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒரு திரை, மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதற்குக் கீழே எதை எழுதினாலும் கிணற்றுக்குள் எழுதியது மாதிரி. அந்தத் தைரியத்தில்தான் என் போன் நம்பரைப் பக்கத்தின் கடைசியில், சாம்பல் நிறத்தில், எறும்பு அளவு எழுத்தில் போட்டு வைப்பேன்.

கார்த்திகை மாதம், காலை பத்து மணி இருக்கும். அந்த நம்பருக்கு ஒரு போன் வந்தது.

"சார், இந்த ஆஸ்பத்திரி வெப்சைட்டு நீங்க செஞ்சதா?"

"ஆமாங்க. சொல்லுங்க."

"பாம்புக்கடிக்கு அங்க மருந்து இல்ல சார். அத எடுத்துடுங்க."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்பது போலச் சொன்னார். யார் நீங்கள், எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரம்மாவ அங்கதான் தூக்கிட்டுப் போனேன்" என்றார். "போன்ல அதான் மொதல்ல வந்துச்சி."

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. போனேன், வந்துச்சி என்று அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

அந்தப் பக்கம் எப்படி உண்டானது என்று சொல்ல வேண்டும்.

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றின் மாடியில் என் அறை. கீழே தகட்டை அடிக்கிற சத்தம் காலையில் தொடங்கும். எனக்கோ ஒரு இடத்தில் உட்காரவே முடியாது. சிறு வயதிலிருந்தே அப்படி. நாற்பத்தேழு வயதிலும் மாறவில்லை. அதனால் செய்த வேலையைப் பஸ்ஸில் வைத்துத்தான் சோதிப்பேன். பையில் மூன்று பழைய போன்கள். ஒன்றுக்குக் கண்ணாடி விரிசல் விட்டது, ஒன்றுக்குப் பாதி நாளில் சார்ஜ் இறங்கிவிடும், ஒன்று வெயிலில் எதையும் காட்டாது. எந்தப் பக்கத்தைச் செய்தாலும் இந்த மூன்றிலும், சிக்னல் ஒற்றைக் கோடாக நிற்கிற இடத்தில், மூன்று எண்ணுவதற்குள் திறக்க வேண்டும். மேட்டூரில் இறங்கி ஒரு டீக்கடை, வாழப்பாடியில் இறங்கி இன்னொரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போனை நீட்டுவேன். "அண்ணா, இதப் பாத்ததும் எத அமுக்குவீங்க?" அவர் எதை அமுக்குகிறார் என்று பார்க்க மாட்டேன். அமுக்குவதற்கு முன் விரல் எங்கே தயங்குகிறது என்று பார்ப்பேன்.

"ஏனுங்க, கட்டவெரலுக்கு ஜோசியம் பாக்கறீங்களா?" என்று ஒருமுறை ஒரு போர்வெல் ரிக் வண்டி டிரைவர் கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உண்மையில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

போர்வெல் கம்பெனிகள், கோழிப் பண்ணைகள், லாரி பட்டறைகள், இவர்களுக்குத்தான் பெரும்பாலும் செய்வேன். ஆஸ்பத்திரி அதுவே முதல். சேலத்துக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, பத்துப் படுக்கைகள் கொண்ட சின்ன ஆஸ்பத்திரி. டாக்டர் எங்கள் பக்கத்துக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். "சுத்துவட்டாரத்துல ஆரு தேடுனாலும் நம்மூட்டு ஆஸ்பத்திரி மொதல்ல வரோணும் தம்பி" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தேவை. எல்லாருக்கும் அவ்வளவுதான் தேவை.

சுற்றியிருந்த ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம் செய்தேன். காய்ச்சல், பிரசவம், சர்க்கரை. அப்படித் தோண்டும்போது கண்ணில் பட்டது பாம்புக்கடி. அந்த வட்டாரம் முழுக்கக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பயிராகும் காடு. ஜனங்கள் போனை வாய்க்கருகில் பிடித்துத் தமிழிலேயே கேட்கிறார்கள், பாம்பு கடிச்சா எங்க போறது என்று. அதற்குத் தமிழில் ஒழுங்கான பக்கம் ஒன்றுகூட இல்லை. காலி இடம். எங்கள் தொழிலில் காலி இடத்தைப் பார்த்தால் கை அரிக்கும்.

டாக்டர் தயங்கினார். "அதுக்கு மருந்து நம்மகிட்ட எப்பவும் இருக்காதுங்களே தம்பி. கட்டுப்போட்டு, டிரிப் ஏத்தி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம். தேறி வந்தவங்களுக்குப் புண்ணு ஆத்தி உடுவோம். அவ்வளவுதான்."

"அதையும் ஒரு வரி போட்டுக்கலாமுங்க."

போட்டேன். விஷமுறிவு மருந்து இங்கே எப்போதும் இருப்பில் இருக்காது, பாம்பு கடித்தவரை நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் என்று. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வெப்சைட்டைச் சொந்தக்காரர்கள் போனில் பார்க்க மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்ப்பது போல எல்லாவற்றையும் தாளில் அடித்துக் கொண்டுவரச் சொல்வார்கள். மூக்குக்கண்ணாடி மாட்டி, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்து, ஓரத்தில் கையெழுத்துப் போடுவார்கள். டாக்டரும் அப்படியே படித்தார். அந்த வரிக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்தார். "இது முக்கியம் தம்பி" என்றார்.

தாளில் முதல் திரை என்று ஒன்று கிடையாது.

வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சின்னப் போனில் திறந்தேன். தலைப்பு, அதன் கீழ் அந்த வரி மூன்று வரிகளாக மடிந்து நின்றது, அதன் கீழ் பச்சை நிறத்தில் போன் செய்யும் பட்டன். பட்டன் பாதிதான் தெரிந்தது. மீதி திரைக்குக் கீழே. பாதி தெரிகிற பட்டனை விரல் நம்பாது. பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடம் நீட்டினேன், இருவருமே தயங்கினார்கள். வரியைச் சுருக்கிப் பார்த்தேன். எழுத்தைச் சிறிதாக்கினேன். கடைசியில் எடுத்துவிட்டேன். அடியில் எங்காவது சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் பஸ் வந்துவிட்டது. எனக்கு எப்போதும் பஸ் வந்துவிடும்.

பதினொரு நாளில் அந்தப் பக்கம் தேடலில் முதலிடத்துக்கு வந்தது. அன்றைக்கு டீ இரண்டு குடித்தேன்.

போனில் பேசியதற்கு மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். வர வேண்டாம் சார், அத எடுத்தா போதும் என்றுதான் சொன்னார். எனக்கு அறையில் இருக்க முடியவில்லை. கெங்கவல்லிக்கு டிக்கெட் எடுத்து, ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கி நடந்தேன். மழை பெய்து ஓய்ந்த மண், செருப்பில் அப்பிக்கொண்டே வந்தது. குச்சிக்கிழங்கு ஆள் உயரத்துக்கு நின்றது. அவர் என்னைவிட இளையவர், நாற்பது இருக்கும். அடுத்தவர் காட்டில் கூலிக்கு ஆள் சேர்த்து விடுகிறவர். வரப்பில் முப்பது நாற்பது பெண்கள் சோற்று வாளிகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"யாருப்பா இது?" என்று ஒரு பெண் கேட்டார்.

"அந்த ஆஸ்பத்திரிய மொதல்ல காட்டுனவரு" என்றார் அவர்.

ஒரு பாட்டிலில் தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். திட்டியிருக்கலாம்.

அவர் நடந்து போய் இடத்தைக் காட்டினார். களை பிடுங்கும்போது கணுக்காலுக்கு மேல். கண்ணாடி விரியன். முற்பகல் பதினொரு மணி, நல்ல வெளிச்சம், சுற்றிலும் ஆட்கள், காட்டுக்காரரின் குட்டியானை லோடு வண்டி வரப்போரம் தயாராக நின்றது. எல்லாமே சரியாக இருந்திருக்கிறது. அவர் போனை எடுத்து வாய்க்கருகில் வைத்துப் பேசியிருக்கிறார். மூன்று எண்ணுவதற்குள் திறந்திருக்கிறது. பச்சைப் பட்டனை அமுக்கியிருக்கிறார். கூட்டிட்டு வாங்க, டாக்டர் இருக்காரு என்று ஒரு நர்ஸம்மா சொல்லியிருக்கிறார்.

"வெலக்குல ஏறி லெப்ட்டுல போனா கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரி. ரைட்டுல போனா இது" என்றார். "நான் ரைட்டுல போவச் சொன்னேன் சார். மொதல்ல வர்றதுதான் நல்லதுன்னு நெனச்சேன். அதுக்குத்தான மொதல்ல வெக்கிறாங்க?"

போய், கட்டுப்போட்டு, டிரிப் ஏற்றி, வண்டியைத் திருப்பி, மறுபடி அதே விலக்கைத் தாண்டி அரசு ஆஸ்பத்திரிக்குப் போக முக்கால் மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து சேலத்துக்கு அனுப்ப, அங்கே நான்காம் நாள், சிறுநீரகம் நின்றுபோய்.

"சீக்கிரம் வந்திருந்தா பொழச்சிருக்குமான்னு கேட்டேன். சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க. சில பேரு நேரா வந்தாலும் போயிடுவாங்களாம்." அவர் ஒரு செடியின் இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "சொல்ல முடியாதுன்னா, அத வெச்சிக்கிட்டு நான் என்னா சார் பண்றது?"

நான் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்கலாம். அவருக்கு எதுவும் தெரியாது. பையிலிருந்து அந்தச் சின்னப் போனை எடுத்தேன். அந்த வரியைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் எழுதச் சொன்னார், கோடும் போட்டுக் கொடுத்தார், எடுத்தது நான்தான் என்று.

"ஏன்?"

"அது இருந்தா பட்டன் கீழ போயிருதுங்க."

"எவ்ளோ கீழ?"

விரலால் காட்டினேன். ஒரு விரல்கடை. ஒரு விரல் அகலம், அவ்வளவுதான். அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு போனை வாங்கி, அந்தத் திரையில் தன் விரலை வைத்து அளந்து பார்த்தார். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார். திரை அணைந்தது.

"தை மாசம் கெழங்கு வெட்டு" என்றார் கடைசியில். "வெட்டும்போதுதான் நெறைய வெளிய வரும். இந்தப் பொம்பளைங்க எல்லாம் எறங்குவாங்க. எல்லாத்துகிட்டயும் போன் இருக்குது. எல்லாப் போன்லயும் அதான் மொதல்ல வருது. அதுக்குள்ள எடுத்துடுங்கண்ணா."

சாராக இருந்தவன் அண்ணன் ஆனேன். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள மனம் துடித்தது. அப்படி இல்லை. வேலை சொல்கிறவர் வேலைக்காரனை நெருக்கமாகக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

அங்கிருந்தே டாக்டரிடம் போனேன். அந்தப் பெண்ணைத் தூக்கி வந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. மேஜை டிராயரைத் திறந்து, தாளை எடுத்து வைத்தார். அவர் இழுத்த கோடு இன்னும் நீலமாக இருந்தது.

"ஏந்தம்பி, இதுல இருக்குதே?"

"போன்ல எடுத்துட்டனுங்க."

"என்னைய ஒரு வார்த்த கேட்டயா?"

"இல்லீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்துரு. அந்தப் பக்கமே வேண்டாம். நர்ஸுகிட்டயும் சொல்லிர்றேன், பாம்புன்னு ஆரு கூப்புட்டாலும் இங்க வராதீங்கன்னு." தாளை மடித்து மறுபடி டிராயரில் வைத்துப் பூட்டினார். "இந்தக் காயிதத்த நா வெச்சுக்கறேன்."

அவர் வைத்துக்கொள்ளட்டும். தன் பக்கம் தப்பில்லை என்று காட்ட அவரிடம் தாள் இருந்தது.

பக்கத்தை அழிக்க அரை நிமிடம் ஆகவில்லை. அழித்தேன். நாலைந்து நாளில் தேடலிலிருந்தும் உதிர்ந்துவிட்டது. மனைவியை இழந்தவருக்குப் போன் செய்து சொன்னேன்.

மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். "இல்லண்ணா, வருது."

பார்த்தேன். வந்தது. என் பக்கம் இல்லை. எங்கோ இருந்து நடத்தப்படுகிற, எல்லா ஊருக்கும் எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிற ஒரு வெப்சைட். சிறந்த பாம்புக்கடி ஆஸ்பத்திரிகள் பத்து என்று தலைப்பு. முதலில் எங்கள் ஆஸ்பத்திரி. அதன் கீழ் நான் எழுதிய வாக்கியங்கள், ஒரு எழுத்து மாறாமல். முதலிடத்தில் இருந்தபோது அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்த வரி இல்லாமல்தான், ஏனென்றால் அள்ளும்போது அது இல்லை. நான் விட்ட இடம் அப்படியே அங்கேயும் விட்டிருந்தது. அதே போல இன்னும் இரண்டு வெப்சைட்டுகள்.

அவர்களுக்கு எழுதினேன். படிவம் ஒன்றை நிரப்பச் சொன்னது. நிரப்பினேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி நன்றி. ஆஸ்பத்திரியின் பெயரில் டாக்டரை விட்டு எழுதச் சொன்னேன். அவருக்கும் நன்றி.

மிஞ்சியது ஒரே வழி, அதை விட மேலே ஏறுவது. புதிதாக ஒரு பக்கம் செய்தேன். படம் இல்லை, அலங்காரம் இல்லை. முதல் திரையில் பெரிய எழுத்தில், பாம்பு கடித்தால் நேராக அரசு ஆஸ்பத்திரி, வேறு எங்கேயும் நிற்க வேண்டாம். அடுத்து ஒவ்வொரு ஊர் விலக்கிலிருந்தும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று. அதற்காக அந்த வட்டாரத்தின் எல்லா விலக்கிலும் இறங்கி நின்று பார்த்தேன். எனக்குத் தெரிந்த எல்லா வித்தையையும் அந்த ஒரு பக்கத்துக்குள் போட்டேன். போர்வெல் கம்பெனிக்காக, முட்டைக்காகக் கற்ற வித்தை. பதினொரு நாள் ஆனது. இருபது நாள் ஆனது. ஒன்பதாவது இடத்திலிருந்து ஆறு. ஆறிலிருந்து நாலு. மார்கழி பாதி போய்விட்டது.

தினம் காலையில் போன் வரும். வணக்கம் இல்லை, எப்படி இருக்கீங்க இல்லை.

"இன்னிக்கும் அதாண்ணா மொதல்ல."

"நாலாவது நம்முளுது இருக்குதுங்களா?"

"இருக்குது. ஆனா அதாண்ணா மொதல்ல."

ஒருநாள் அவர் பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. என்ன என்று கேட்டேன்.

"எல்லாரும் பாக்கறாங்க. தெனமும் காட்டுல எறங்கறதுக்கு மின்ன, எல்லாருமே போன எடுத்துப் பாத்துடுவோம். போயிடுச்சான்னு."

"பாத்துட்டு என்ன பண்ணுவீங்க?"

"தொறந்து பாப்போம். அந்த ஆஸ்பத்திரி பேரு இன்னும் இருக்குதான்னு. இருக்கும். மூடிட்டு எறங்கிடுவோம்."

ஒரு பெண் பக்கத்திலிருந்து கத்தினார்: "நான் ரெண்டு தபா பாப்பேன்னு சொல்லு!"

நாற்பது போன்கள். ஒரே வட்டாரம். தினம் காலையில் ஒரே கேள்வியைக் கேட்டு, ஒரே முதல் விடையைத் திறந்து, உள்ளே போய், கீழே வரை இறங்கி, தேடிப் படிக்கிறார்கள். அந்த வட்டாரத்தில் அந்தக் கேள்வியை வேறு யார் அவ்வளவு முறை கேட்டிருப்பார்கள்? இது தேவையான பக்கம், இவர்கள் கேட்பது இதைத்தான் என்று அந்த நாற்பது விரல்களும் தினம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. தேடல் எதை வைத்து வரிசை போடுகிறது என்று எங்களில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. ஆனால் ஜனம் போகிற இடத்துக்கு இன்னும் ஜனத்தை அனுப்பும் என்று எல்லாரும் நம்புகிறோம். நானும் விட்டேனா? பஸ்ஸில், டீக்கடையில், மூன்று போனிலும் மாற்றி மாற்றி அதைத்தானே திறந்து பார்த்தேன்.

"பாக்காதீங்க" என்றேன்.

"என்னண்ணா?"

"அதத் தொறக்காதீங்க. தேடவே தேடாதீங்க. நீங்க பாக்கப் பாக்கத்தான் அது அங்கயே நிக்குது."

பெண்கள் ஏதோ கேட்டார்கள். அவர் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அப்ப நாங்கதான் அத நிறுத்தி வெச்சிருந்தமா?"

இல்லை என்று சொல்ல வேண்டியது என் கடமை. நான் எடுத்த ஒரு வரியிலிருந்து வந்தது அத்தனையும். ஆனால் இல்லை என்றால் நாளைக்கும் பார்ப்பார்கள். "கொஞ்சம் அப்படித்தானுங்க" என்றேன். வாழ்க்கையில் நான் பேசியவற்றில் இதைவிடக் கேவலமான வாக்கியம் இருக்குமா என்று தெரியவில்லை.

"சரிண்ணா" என்றார். "அப்பறம் போயிடுச்சான்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாதுங்க."

"நீங்களும் பாக்க மாட்டீங்களா?"

"பாக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை. காலை பத்து மணி ஆனால் என் கை போனுக்குப் போகும். கீழே தகடு அடிப்பார்கள். எழுந்து நடப்பேன், பஸ் ஏறுவேன், பையில் போன்கள் இருக்கும், திறக்க மாட்டேன்.

தை பிறந்து நாலாம் நாள் ஒரு படம் மட்டும் அனுப்பியிருந்தார். காட்டுக்காரரின் மோட்டார் ரூம் சுவர். சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் நீலப் பெயிண்டில், கோணல்மாணலான எழுத்தில் எழுதியிருந்தது: பாம்பு கடிச்சா வெலக்குல லெப்ட்டு. ரைட்டு போவக்கூடாது. எழுத்து ஒரு முழ உயரம். சுவருக்கு முன்னால் வெட்டிய கிழங்குக் குவியல், அதன் மேல் முதுகு காட்டி ஒரு பெண் நின்றிருந்தார். கீழே செய்தி எதுவும் இல்லை.

அந்தச் சுவர் அந்த ஒரு காட்டுக்குத்தான். அடுத்த காட்டில் வெட்டுகிறவர்களுக்குத் தெரியாது, அதற்கடுத்த ஊரில் தெரியாது. அவர்கள் போனை வாய்க்கருகில் பிடித்துக் கேட்பார்கள். எது முதலில் வரும் என்று எனக்குத் தெரியாது. இரண்டாவது இடத்துக்கு ஏறியிருக்கலாம். முதலிடமே பிடித்திருக்கலாம். நாலிலேயே நிற்கலாம். பார்த்தால் தெரிந்துவிடும். நேற்று வாழப்பாடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சின்னப் போனை எடுத்து, கேள்வியைப் பாதி வரை அடித்துவிட்டேன். பஸ் வந்தது. ஏறாமல் நின்று ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.